ஒட்டுக்கேட்கும் உத்தரவில் கையெழுத்து யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒருவருடைய போனை அரசு ஒட்டுக்கேட்க வேண்டுமானால் நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டாமா? சினிமாவில் இன்ஸ்பெக்டரே போன் போட்டுச் சொல்லிவிடுகிறாரே!
– வாசகர், கோவில்பட்டி

பதில்: இன்ஸ்பெக்டருக்கு அந்த அதிகாரம் கிடையாது. நீதிபதியும் தேவையில்லை. உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலர். மத்திய அமைப்புகள் கேட்டால் ஒன்றிய உள்துறைச் செயலர், தமிழ்நாடு போலீஸ் கேட்டால் கோட்டையில் இருக்கும் மாநில உள்துறைச் செயலர். தவிர்க்க முடியாத நேரங்களில், இதற்கென அதிகாரம் தரப்பட்ட இணைச் செயலர் நிலை அதிகாரியும் கையெழுத்திடலாம்.

சட்ட அடிப்படையாக நீண்ட காலம் இருந்தது, வெள்ளைக்காரன் காலத்து 1885 தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு. ‘பொது அவசரநிலை’ அல்லது ‘பொதுப் பாதுகாப்பு’ என்ற இரண்டில் ஒன்று இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய காரணங்களில் ஒன்றும் வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவில் பெரும்பாலும் இதே சொற்கள் அப்படியே குடியேறியிருக்கின்றன. அதன் கீழ் விதிகள் 2024 டிசம்பரில் வெளியாயின.

கோப்பு நகரும் விதம் இது. விசாரணை அமைப்பு எண்ணையும் காரணத்தையும் எழுதி அனுப்பும். செயலர் காரணத்தைப் பதிவு செய்து கையெழுத்திடுவார். உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டிக்கலாம், ஆனால் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. உத்தரவின் நகல் ஏழு வேலை நாளுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் அமைப்பின் தலைவரோ அடுத்த நிலை அதிகாரியோ (மாநிலத்தில் ஐ.ஜி.க்குக் குறையாதவர்) தாமே தொடங்கலாம். மூன்று வேலை நாளுக்குள் செயலருக்குத் தெரிவித்து, ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வாங்க வேண்டும். வராவிட்டால் நிறுத்த வேண்டும், அதுவரை கேட்டதை எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

நீதிபதி ஏன் இல்லை? கேட்காமல் இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் முன்கூட்டிய நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றுதான் வாதிட்டார்கள். 1996 டிசம்பர் 18 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் அப்படியொரு வாசகம் இல்லாதபோது நாம் அதைச் சேர்க்க முடியாது என்று சொல்லி, செயலர் கையெழுத்தும் மறுஆய்வுக் குழுவும் போதும் என்று வழிகாட்டு நெறிகளை வகுத்தது. தற்காலிக ஏற்பாடாக வந்தது அது. அரசு அதை 2007-இல் 419-ஏ என்ற விதியாக எழுதிக்கொண்டது. தற்காலிகம் அங்கேயே நிரந்தரமாகிவிட்டது.

கேள்வி: அந்த மறுஆய்வுக் குழுவில் யார் யார்? அவர்கள் உத்தரவுகளை உண்மையிலேயே படித்துப் பார்க்கிறார்களா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: மத்தியில் அமைச்சரவைச் செயலர், சட்டத் துறைச் செயலர், தொலைத்தொடர்புத் துறைச் செயலர். மாநிலத்தில் தலைமைச் செயலர், சட்டச் செயலர், உள்துறை அல்லாத இன்னொரு செயலர். எல்லோரும் அரசு அதிகாரிகள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர்கூட இல்லை, எதிர்க்கட்சி உறுப்பினர் இல்லை, வெளியாள் எவரும் இல்லை.

படிக்கிறார்களா என்பதற்குக் கணக்கே பதில். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் 2018 அறிக்கையில் அந்த எண்ணை எடுத்தாண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவின் முன் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் குவியும், இது நடக்கிற காரியமல்ல என்று எழுதியது.

மூன்று செயலர்களும் வேறு வேலையெல்லாம் விட்டுவிட்டு எட்டு மணி நேரம் உட்கார்வதாக வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் என்றால் 28,800 நொடி. 18,000 உத்தரவுகளுக்கு அதை வகுத்தால் ஒன்றுக்கு 1.6 நொடி. தாளைப் புரட்டவே அது போதாது. காரணம் சரியா, வேறு வழியில் தகவல் கிடைக்காதா என்று ஆராய்வது அப்புறம். கையெழுத்துப் போடுபவர் நிலைமையும் பெரிதாக வேறில்லை. மாதம் 9,000 என்றால் ஞாயிறு உட்பட நாளுக்கு 300. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுத்தாலும் ஐந்து மணி நேரம் அதிலேயே போய்விடும். ஒன்றிய உள்துறைச் செயலருக்கு எல்லைப் பாதுகாப்பு, மாநில உறவு, பேரிடர் என்று வேறு வேலைகளும் உண்டு. ஆக, கீழே தயாரித்து வரும் கோப்பில் மேலே கையெழுத்து விழுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: பேசும்போது கரகர சத்தம் கேட்டால் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அர்த்தமா? *#21# அழுத்தினால் தெரிந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இரண்டும் இல்லை. சத்தத்துக்குக் காரணம் பலவீனமான சிக்னல். சட்டப்படியான ஒட்டுக்கேட்பில் உங்கள் கருவியை யாரும் தொடுவதில்லை. நிறுவனத்தின் சுவிட்சிலேயே பேச்சின் நகல் ஒன்று பிரிந்து போகிறது. உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. *#21# காட்டுவது உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும். மோசடிக்காரர் ஓ.டி.பி. திருடத் திருப்பிவிட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க உதவும், அந்த மட்டில் நல்லதுதான்.

கேள்வி: எதிர்க்கட்சியாக இருக்கும்போது ‘எங்கள் போனை ஒட்டுக்கேட்கிறார்கள்’ என்று கூச்சல் போடும் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் அந்தச் சட்டத்தைத் தொடுவதே இல்லையே, ஏன்?
– வாசகர், சிதம்பரம்

பதில்: நம் பட்டியலைப் பாருங்கள். 1988-இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவி விலகினார். 1990-இல் தன் போன் உட்பட அரசியல்வாதிகள் பலரின் போன்கள் ஒட்டுக்கேட்கப்படுவதாகக் குற்றம் சாட்டியவர் சந்திரசேகர். சி.பி.ஐ. விசாரித்தது. அனுமதித் தாள் இல்லாதவை, அனுமதிக் காலம் முடிந்த பிறகும் தொடர்ந்தவை என்று ஒழுங்கீனங்கள் வரிசையாக வெளிவந்தன. அந்த அறிக்கை ஒரு வார இதழில் வெளியானதுதான் மேலே சொன்ன உச்ச நீதிமன்ற வழக்குக்கே விதை. அந்தச் சந்திரசேகரே பிரதமரான பிறகு 1991 மார்ச்சில் பதவி விலகியது எதற்காக? ராஜீவ் காந்தி வீட்டை ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற புகாரில், வெளியிலிருந்து அவர் அரசை ஆதரித்த காங்கிரஸ் முரண்டு பிடித்ததால். புகார் கொடுத்தவரே ஓராண்டுக்குள் புகாருக்கு ஆளானார்!

சட்டம் இயற்றியதிலும் இதே ஒற்றுமை. கணினி வழியே போகும் தகவலை அரசு இடைமறிக்க அனுமதிக்கும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவை இன்றுள்ள அகலத்துக்கு விரித்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத 2008 டிசம்பர் கடைசியில், விவாதமே இல்லாமல் அது நிறைவேறியது. தந்திச் சட்டத்தில் இருந்த ‘பொது அவசரநிலை’ என்ற வாசற்படி அந்தப் பிரிவில் இல்லை, ‘எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும்’ என்று நீள்கிறது. அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு 2018 டிசம்பர் 20-இல் பா.ஜ.க. அரசு பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்து ஆணையிட்டது. உளவுத் துறையான ஐ.பி., சி.பி.ஐ., அமலாக்கத் துறை, வருமான வரி வாரியம், டெல்லி போலீஸ் கமிஷனர் எல்லாம் அதில் உண்டு. காங்கிரஸ் எதிர்த்தபோது மாநிலங்களவையில் அமைச்சர் அருண் ஜேட்லி சொன்ன பதில், இந்த விதிகள் 2009-இல் உங்கள் ஆட்சியில் வந்தவைதானே என்பது. உண்மைதான். வாயை அடைக்க அதைவிட நல்ல பதில் கிடையாது. 2023 தொலைத்தொடர்பு மசோதாவோ டிசம்பர் 18-இல் அறிமுகமாகி 20-இல் மக்களவையிலும் 21-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அப்போது இடைநீக்கத்தில் வெளியே இருந்தார்கள்.

இனி ‘ஏன்’. கோப்பு மேசைக்கு வரும் அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘வேண்டாம்’ என்று எழுதி, அந்த எண்ணுக்குரியவன் நாளை குண்டு வைத்தால் விசாரணை கமிஷன் முதலில் எடுப்பது அந்தக் கோப்பைத்தான். ‘சரி’ என்று எழுதி, அந்த எண் ஒரு அப்பாவியுடையதாக இருந்தால்? அவருக்குத் தெரியப் போவதே இல்லை, எனவே புகாரே வராது. ஒரு பக்கம் வேலை போகும், மறு பக்கம் ஒன்றும் ஆகாது. நல்லவரோ கெட்டவரோ, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கை ‘சரி’ பக்கம்தான் போகும். அரசியல் தலைவருக்கு இதே கணக்கு, அதோடு ஒரு கொசுறு. தினமும் காலையில் உளவுத் துறைத் தலைவர் நேரில் வந்து சொல்லும் சேதிகளில் தீவிரவாதி மட்டும் இருப்பதில்லை. உட்கட்சியில் யார் யாரோடு பேசுகிறார், எந்த எம்.எல்.ஏ. ஊசலாடுகிறார் என்பதும் அந்த வழியாகவே வரும். அந்தக் குழாயைத் தானே அடைக்க எந்த முதல்வருக்கும் பிரதமருக்கும் மனம் வராது.

ஐ.பி. 1887-இல் தொடங்கியது, வெளிநாட்டு உளவு அமைப்பான ரா 1968-இல். இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது, நாடாளுமன்றக் குழுவின் மேற்பார்வையும் கிடையாது. காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி 2011-இல் அதற்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சியே. மசோதா நகரவில்லை.

கேள்வி: இது நம் நாட்டு நோய் மட்டும்தானா? அமெரிக்காவில் நீதிமன்றமே அனுமதி தருகிறதாமே?
– வாசகி, பெங்களூரு

பதில்: அங்கே நீதிமன்றம் இருக்கிறது, நோயும் இருக்கிறது. நிக்ஸன் காலத்து அத்துமீறல்களை செனட்டர் சர்ச் தலைமையிலான குழு 1975–76-இல் தோண்டியெடுத்த பிறகு, 1978-இல் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் வந்தது. அதற்கென ரகசிய நீதிமன்றம் ஒன்று. அங்கே அரசு வக்கீல் மட்டும் வாதாடுவார், எதிர்த் தரப்பு இருக்காது. 1979 முதல் 2012 வரை அந்த நீதிமன்றம் 33,900-க்கு மேற்பட்ட மனுக்களை அனுமதித்தது, நிராகரித்தது 11. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியவை அந்தக் கணக்கில் இல்லை என்பார்கள். அதையும் சேர்த்துக்கொண்டாலும் படம் பெரிதாக மாறாது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்த நீதிமன்றமும் ஒதுக்கப்பட்டது. அக்டோபர் 4-இல் அதிபர் புஷ் தன் கையெழுத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, சுமார் 45 நாளுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொண்டிருந்தார். 2004 மார்ச்சில் பொறுப்பு அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் கோமி சட்டச் சான்று தர மறுக்க, வெள்ளை மாளிகை ஆட்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்டின் கட்டிலருகே போய்க் கையெழுத்துக் கேட்டார்கள். அவரும் மறுத்துவிட்டார். நிர்வாகத்துக்குள்ளேயே ‘வேண்டாம்’ என்று எழுத ஒருவர் துணிவது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு இது சாட்சி.

திட்டம் 2005 டிசம்பரில் அம்பலமானது. சட்டவிரோதம் என்றால் நிறுத்த வேண்டும் அல்லவா? அதற்கேற்ற மாதிரி சட்டத்தை வளைத்தார்கள். 2008 ஜூலையில் திருத்தம் வந்தது, ஒத்துழைத்த போன் நிறுவனங்களுக்கு முன்தேதியிட்ட வழக்கு விலக்கும் கிடைத்தது. அந்த விலக்கை எதிர்த்து மல்லுக்கட்டுவேன் என்று பிரசாரத்தில் சொன்ன செனட்டர் ஒபாமா, வேட்பாளர் ஆவது உறுதியானதும் ஆதரித்து வாக்களித்தார். சிதம்பரம் வாசகரின் கேள்விக்கு அமெரிக்க பதில் அது.

வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரின் தகவல்தொடர்பை வாரண்ட் இல்லாமல் திரட்ட அனுமதிக்கும், அந்தத் திருத்தத்தின் 702-ஆவது பிரிவு 2024 ஏப்ரலில் நீட்டிப்புக்காக மறுபடி வந்தபோது, அமெரிக்கர்களின் தகவலைத் தேட வாரண்ட் வேண்டும் என்ற திருத்தம் 212-க்கு 212 என்று சமநிலையில் தோற்றது. ஒரே ஒரு ஓட்டு!

கேள்வி: பேச்சைக் கேட்பதில்லை, யார் யாருக்குப் பேசினார் என்ற விவரம் மட்டும்தான் என்கிறார்கள். அதில் என்ன கெட்டுவிடும்? அதனால் தீவிரவாதி பிடிபட்டால் நல்லதுதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: நம் ஊர் போலீஸ் ‘சி.டி.ஆர்.’ என்று சொல்லும் தாளில் இருப்பவை: அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, நேரம், எத்தனை நொடி, எந்த டவர், கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண். ராத்திரி 2 மணிக்கு ஒரு பெண் மகப்பேறு மருத்துவரை அழைத்து 9 நிமிடம் பேசினார், அடுத்து அம்மாவை அழைத்தார், மறுநாள் காலை அவர் போன் ஆஸ்பத்திரிக்கு அருகிலுள்ள டவரில் இருந்தது. பேச்சைக் கேட்க வேண்டிய தேவை என்ன மிச்சம்? இந்தப் பதிவுகளை நிறுவனங்கள் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய உரிம நிபந்தனை. இதை வாங்க உள்துறைச் செயலர் கையெழுத்தும் வேண்டாம், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 91) போலீஸ் அதிகாரியின் எழுத்துபூர்வமான ஆணை போதும்.

அமெரிக்கா இதை மொத்தமாகச் செய்தது. ஒரு நிறுவனத்தின் எல்லா வாடிக்கையாளர்களின் விவரத்தையும் தினமும் கொடு என்ற ரகசிய நீதிமன்ற ஆணையை 2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பின் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடென் வெளிக்கொணர்ந்தார். சந்தேக எண்ணிலிருந்து மூன்று படி வரை தேடலாம் என்பது விதி. ஒருவருக்கு 100 தொடர்பு என்றால் முதல் படியில் 100 பேர், இரண்டில் 10,000, மூன்றில் 10 லட்சம். ஒரே ஒரு எண்ணுக்கு இவ்வளவு. பீட்சாக் கடைக்கு நீங்களும் அவரும் போன் போட்டிருந்தால் நீங்களும் அதில் ஒருவர்.

பலன்? 54 சதிகள் முறியடிக்கப்பட்டதாகக் கண்காணிப்பை நியாயப்படுத்தியவர்கள் சொன்னார்கள். அரசின் ரகசியக் கோப்புகளையே பார்க்க அனுமதி பெற்ற தனியுரிமை மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் தந்த அறிக்கை, இந்தப் போன் பதிவுத் திட்டம் எந்தத் தீவிரவாத விசாரணையின் முடிவையும் மாற்றியதாக ஒரு நிகழ்வுகூட இல்லை என்றது. முன்பு தெரியாத ஆளை அடையாளம் காட்டியது ஒரே வழக்கில்: சோமாலியாவின் தீவிரவாத அமைப்பான அல்-ஷபாபுக்குச் சுமார் 8,500 டாலர் அனுப்பிய டாக்சி ஓட்டுநர். அதையும் வழக்கமான வழியில் கண்டுபிடித்திருக்கலாம் என்றது வாரியம். 2015 ஜூனில் அந்த மொத்தச் சேகரிப்புக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. குறிப்பிட்ட ஆளைக் குறிப்பிட்ட காரணத்துக்காகக் கேட்பது வேறு, அதை யாரும் குறை சொல்லவில்லை.

கேள்வி: போலிக் கடிதம் கொடுத்தால் போன் நிறுவனம் ஏமாந்துவிடாதா?
– வாசகர், காரைக்கால்

பதில்: ஏமாந்திருக்கிறது. 2005-இல் சமாஜ்வாதி கட்சியின் அமர் சிங்கின் போன் போலிக் கடிதங்களை வைத்து ஒட்டுக்கேட்கப்பட்டது. 2011-இல் உச்ச நீதிமன்றம், அந்தக் கடிதத்தில் இருந்த அப்பட்டமான பிழைகளைப் பார்த்தாவது நிறுவனம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று கண்டித்தது. 2007 விதியில் இதற்குத் தடுப்பு இருந்தது: நிறுவனத்தின் நோடல் அதிகாரி (இத்தகைய உத்தரவுகளைப் பெறுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர்) இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும், 15 நாளுக்கு ஒருமுறை தனக்கு வந்த உத்தரவுகளின் பட்டியலை அந்தந்த அமைப்புக்கே அனுப்பி உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டும். மத்திய கண்காணிப்பு அமைப்பு என்ற சி.எம்.எஸ். திட்டத்தில் அரசே நேரடியாக இணைத்துக்கொள்ளும், நிறுவனத்தின் ஆள் நடுவில் இல்லை. கசிவு குறையும் என்பது அரசின் வாதம். ‘இந்தத் தாளில் எழுத்துப்பிழை இருக்கிறதே’ என்று கேட்க வெளியாள் ஒருவர் இருந்தது போய்விடுகிறது என்பது மறுபக்கம். எனக்கு இரண்டாவது வாதம்தான் கனமாகத் தெரிகிறது.

கேள்வி: விதியை மீறி ஒட்டுக்கேட்டது நீதிமன்றத்தில் செல்லுமா?
– வழக்கறிஞர் வாசகி, மதுரை

பதில்: நீண்ட காலம் செல்லும் என்றே இருந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மல்கானி வழக்கிலிருந்து, சாட்சியம் கிடைத்த விதம் தவறானாலும் விஷயத்துக்குப் பொருத்தமானால் ஏற்கலாம் என்பது வழி. விதியை மீறினால் நஷ்டம் இல்லை என்றால் யார் விதியை மதிப்பார்? 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்த பிறகு காற்று கொஞ்சம் திரும்பியது. 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் லஞ்ச வழக்கொன்றில் ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை ரத்து செய்து பதிவுகளை அழிக்கச் சொன்னது. 2025 ஜூலை 2-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011-இல் உள்துறை போட்ட உத்தரவை ரத்து செய்தார். அதுவும் லஞ்ச வழக்கு. ரகசியமாக நடக்கும் குற்றம் ‘பொது அவசரநிலை’ ஆகாது, மறுஆய்வுக் குழுவின் முன்பும் வைக்கவில்லை, ஆகவே அந்த உரையாடல்களைச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்றார். அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே பாதிப்பதால் ‘பொதுப் பாதுகாப்பு’க்குள் வரும் என்று நேர்மாறாகச் சொல்லியிருந்தது. உங்கள் கட்சிக்காரருக்கு எது உதவும் என்பது, வழக்கு எந்த ஊரில் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: பெகாசஸ் விவகாரம் என்ன ஆயிற்று?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெகாசஸ் என்பது இஸ்ரேல் நிறுவனம் ஒன்றின் வேவு மென்பொருள்; அதை வைத்துப் பலரின் போன்களை அரசு வேவு பார்த்தது என்பது புகார். ஓய்வு பெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ வேவு மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்ட் 25-இல் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்தில் தெரிவித்தார். ‘பயன்படுத்தினோமா இல்லையா’ என்பதற்கு அரசு நேரடி பதில் தரவில்லை.

கேள்வி: என் போன் ஒட்டுக்கேட்கப்பட்டதா என்று பிற்பாடாவது நான் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இந்தியாவில் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஐ.பி., ரா போன்றவற்றுக்கு விலக்கு தருகிறது, 2011-இல் சி.பி.ஐ.யும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மற்ற அமைப்புகள் தகவல் தர மறுக்க அதே சட்டத்தின் 8(1) பிரிவு துணை நிற்கும். அமெரிக்காவில் சாதாரணக் குற்ற வழக்கில் ஒட்டுக்கேட்டால், முடிந்து 90 நாளுக்குள் அந்த நபருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். நீதிபதி நல்ல காரணத்துக்காகத் தள்ளிப்போடலாம். ஆண்டுதோறும் எத்தனை உத்தரவு, எத்தனை கைது என்ற எண்ணிக்கையும் அச்சாகி வருகிறது. பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சரின் கையெழுத்தோடு நீதித்துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும், அவசரம் என்றால் மூன்று வேலை நாளுக்குள். ‘இரட்டைப் பூட்டு’ என்கிறார்கள். நம் 2024 விதிகளில் அறிவிப்பும் கிடையாது, ஆண்டு எண்ணிக்கையும் கிடையாது. உங்கள் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, அதில் உரையாடலின் எழுத்து வடிவம் இணைக்கப்பட்டால் மட்டுமே தெரியவரும். அப்படித் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியவை மூன்று தாள்கள்: உத்தரவின் நகல், அதில் எழுதப்பட்ட காரணம், மறுஆய்வுக் குழுவின் முன் வைத்ததற்கான பதிவு. சென்னை வழக்கில் அரசுத் தரப்பு சறுக்கிய இடங்களில் மூன்றாவது தாளும் ஒன்று.